மூடாத போல்ட்டும் போர்டு இல்லாத கடையும்

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் வேலூரைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் அந்தப் பட்டியலில் போர்டு இல்லாத இந்தத் துப்பாக்கி ரிப்பேர் கடையையும் சேர்த்துக்கொள்ளலாம். லாங் பஜார் நெரிசலில் புகுந்து, மண்டிகளைத் தாண்டி, ஒரு ஆள் சைக்கிளோடு போனால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து ஒன்றில் இருக்கிறது. லைசென்ஸை மட்டும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு பெரியவர், கூடமாட ஒரு பையன், இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், ஒரு மண்ணெண்ணெய் டின், ஒரு சிம்னி விளக்கு. கடை என்றால் அவ்வளவுதான். பெயரும் நம்பரும் எங்கேயும் எழுதாதே என்று அவரே சொல்லிவிட்டார். "போர்டு மாட்டினா வேலை குடுக்கறவனா வருவான்? துப்பாக்கி பாக்க வர்ற பசங்கதான் வருவானுங்க" என்பது அவர் கணக்கு. அதனால் இங்கே அவர் வெறும் பாய்தான்.

என் கதையைச் சொன்னால்தான் அவர் வேலை புரியும். எனக்குக் கம்மவான்பேட்டைப் பக்கம். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நானும் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்து, மற்றவர்களைப் போல லைசென்ஸ் எடுத்து, சொந்தத் துப்பாக்கி வாங்கி, பணம் ஏற்றுகிற வண்டியில் கன்மேனாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் டபுள் பேரல் பன்னிரண்டு போர், அதாவது இரட்டைக்குழல் துப்பாக்கிதான் வைத்திருப்பார்கள். என்னிடம் இருப்பது இச்சாப்பூர் .315 ரைபிள், போல்ட் ஆக்‌ஷன், அதாவது குழலின் பின்வாயை அடைக்கிற போல்ட்டைக் கையால் தள்ளி, பிடியைக் கீழே திருப்பி மூட வேண்டும், மேகசினில் ஐந்து தோட்டா. .303 பட்டாளத்து ரகம் என்பதால் தனியாருக்குத் தடை, .315-க்குத் தடை இல்லை. பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது அதே பழைய லீ என்ஃபீல்ட் அமைப்புதான். சர்வீஸில் நான் பிடித்தது எஸ்எல்ஆரும் இன்சாஸும், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற பட்டாளத்து ரைபிள்கள், அதனால் இந்த ரைபிள் வாங்கிய புதிதில் ஒரு விஷயத்தில் ஏமாந்தேன். போல்ட்டைத் தள்ளும்போது கடைசி ஒரு அங்குலத்தில் கெட்டியாக எதிர்க்கும். ஏதோ மாட்டுகிறது என்று பயந்துவிட்டேன். மாட்டவில்லை, இந்த அமைப்பில் போல்ட்டை முன்னால் தள்ளும்போதுதான் ஸ்டிரைக்கரின், அதாவது தோட்டாவின் அடியில் குத்துகிற ஊசியின், ஸ்பிரிங் இறுகும். திறக்கும்போது இறுகுகிற மாசர் ரகத்தில் பழகியவர்களும் இதே இடத்தில் ஏமாறுவார்கள். அந்த எதிர்ப்பு தோட்டா இல்லாமல் தள்ளினாலும் இருக்கும், அதுதான் அடையாளம்.

போன தடவை நாடாளுமன்றத் தேர்தல் வந்ததே, 2024-ல், அப்போது துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னார்கள். வங்கிக் காவலில் இருப்பவர்களுக்கு விலக்குக் கிடைக்கும், ஆனால் நான் அப்போது ஒரு ஏஜென்சியை விட்டு இன்னொன்றில் சேர்வதற்கு நடுவில் இருந்தேன், யாரிடம் கடிதம் வாங்குவது? ஒப்படைத்துவிட்டேன். ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை, நடுவில் அக்னி நட்சத்திரம். இதாவது பரவாயில்லை. 2019-ல் நாட்டிலேயே எங்கள் வேலூர்த் தொகுதிக்கு மட்டும் தேர்தலை ரத்து செய்து, ஆகஸ்ட் 5-ல் தனியாக நடத்தினார்களே, அந்த வருஷம் இரண்டு தரம் கொடுத்து இரண்டு தரம் வாங்கிய அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

ஒப்படைக்கும் முன்னால் துரு பிடிக்கக் கூடாதே என்று நான் கிரீஸை வாரி அப்பியிருந்தேன். வெளியே, உள்ளே, தோட்டா உட்காருகிற சேம்பர், குழல், எல்லா இடத்திலும். திரும்ப வந்ததும் புல்த்ரூ கயிறு போட்டு, சிந்தி என்கிற துடைக்கும் துணியை நனைத்து நனைத்து இழுத்து, குழலைக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம், சிந்தி வெள்ளையாக வெளியே வந்தால்தான் சோறு இறங்கும். வெள்ளையாகத்தான் வந்தது. எனக்குப் பெருமை வேறு.

புது ஏஜென்சியில் முதல் நாள். அங்கே மணல் மூட்டை அடுக்கிய ஒரு மூலை உண்டு, குழலை மணலுக்குள் நீட்டிக்கொண்டுதான் லோடு, அன்லோடு எல்லாம். சூப்பர்வைசர் ஒரு தோட்டாவை ஏற்றிக் காட்டச் சொன்னார். போல்ட் முன்னால் போய்விட்டது, பிடி மட்டும் கீழே திரும்பவில்லை. பாதியில் நின்றது. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன், இன்னும் கொஞ்சம் இறங்கியது, அப்புறம் கல். இன்னொரு அழுத்து கொடுத்திருந்தால் போயிருக்கும் என்று அந்த நிமிஷம் தோன்றியது உண்மை. நல்லவேளை, கொடுக்கவில்லை. பின்னால் இழுத்தேன், தோட்டாவை வெளியே இழுக்கிற கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பிடித்திருந்ததால் தோட்டா கூடவே வந்தது. இரண்டாவது தோட்டா போய்விட்டது. மூன்றாவது மறுபடி நின்றது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள். சரியாக்கிக்கொண்டு வாருங்கள், அதுவரை டூட்டி இல்லை என்றார்.

முதலில் போனது இந்தக் கடைக்கு இல்லை. வெளியூரில் ஒருத்தரிடம், ஊரைச் சொல்ல வேண்டாம். ரைபிளை வாங்கினார், போல்ட்டை நாலு தடவை முன்னும் பின்னும் ஆட்டினார், "போல்ட் ஹெட் போச்சு சார், மாத்தணும், நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு, அவ்வளவு வேண்டாம் என்றால் போல்ட்டின் அந்த முன்முனையின் முகப்பில் எமரி வைத்துக் கொஞ்சம் தேய்த்துவிடுகிறேன், எண்ணூறு கொடுங்கள், தாராளமாக மூடும் என்றார். மூடும்தான். அதில் சந்தேகமே இல்லை. அதுதான் ஆபத்து. .315 தோட்டாவுக்கு அடியில் ரிம், அதாவது வெளியே நீட்டிய விளிம்பு, உண்டு, அந்த ரிம் குழலின் பின்முகத்தில் உட்காரும், பின்னால் போல்ட் ஹெட் அதை அணைத்து நிற்கும். நடுவில் ரிம்மின் தடிமனைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இடம் இருந்தால் போதும். தேய்த்து அந்த இடத்தைப் பெரிதாக்கினால், சுடும்போது பித்தளைக் கூடு பின்னால் நீண்டு அடியில் கிழிந்துபோகலாம், கிழிந்தால் எரிகிற வாயு சுடுகிறவன் முகத்துக்குத்தான் வரும். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிற ஆர்மரர் சொல்லிக் கேட்டிருந்ததால் இது எனக்குத் தெரிந்தது, இல்லாவிட்டால் எண்ணூறு ரூபாய் மிச்சம் என்று கொடுத்திருப்பேன். பேசாமல் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாய் கடையைச் சொன்னது எங்கள் ஊர் சுபேதார் ஒருவர்.

"வாங்க மிலிட்டரி" என்றார் பாய். நடையைப் பார்த்தே தெரிந்ததாம். லைசென்ஸை வாங்கி ரைபிள் நம்பரோடு ஒத்துப் பார்த்தார், அப்படியே போல்ட்டில் இருக்கிற நம்பரையும் பார்த்தார். நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து துடைக்கிற இடத்தில் போல்ட் மாறிப்போவது சகஜமாம், மாறின போல்ட் ஒருநாள் மூடும், ஒருநாள் மூடாது, சில சமயம் ரொம்ப நன்றாக மூடும், அதுதான் மோசம் என்றார். என் நம்பர் ஒன்றாகவே இருந்தது. ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு, ரைபிளைத் தொடாமலே கேட்டார்:

"இன்னா மாட்டுது, எங்க மாட்டுது?"

இந்த ஒரு கேள்விக்கே நான் ஒரு நட்சத்திரம் கொடுப்பேன். வெளியூர்க்காரர் இதைக் கேட்கவே இல்லை. தோட்டா மேகசினிலிருந்தே எழும்பவில்லையா? எழும்பி, மூக்கு குழலின் வாயில் முட்டுகிறதா? உள்ளே போய்விட்டு, போல்ட் கடைசியில் நிற்கிறதா? முன்னால் போய்விட்டுப் பிடி மட்டும் திரும்பவில்லையா? இவை நாலும் நாலு வேறு வியாதி. எழும்பாவிட்டால் மேகசின் ஸ்பிரிங்கையும் தோட்டாவைத் தூக்குகிற தகட்டையும் பார்க்க வேண்டும். முட்டினால் மேகசினின் உதடு வளைந்திருக்கும். கடைசியில் நின்றால் எக்ஸ்ட்ராக்டர் ரிம்மைத் தாண்டிக் கவ்வாமல் இருக்கலாம், அடியில் அழுக்கு சேர்ந்தாலே அது விரியாது. பிடி திரும்பவில்லை என்றால் சேம்பரில் தோட்டாவுக்கு இடம் போதவில்லை, அல்லது போல்ட்டைப் பூட்டுகிற அதன் காதுகள் உட்காருகிற பள்ளத்தில் எதுவோ இருக்கிறது. அடுத்த கேள்வி, எல்லாத் தோட்டாவும் நிற்கிறதா, சிலதா? சிலது என்றேன். காலி சேம்பரில் போல்ட் மூடுகிறதா? அந்த ஸ்பிரிங் எதிர்ப்பைத் தவிர வெண்ணெய் மாதிரி மூடும் என்றேன். "அப்ப போல்ட்டு மேல ஏன் பழி போடறான் அந்த ஆளு" என்று சிரித்தார்.

இதில் ஒன்று நடுவில் சொல்லிவிடுகிறேன், ரிம் உள்ள தோட்டா வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் படுகிற அவஸ்தை. மேகசினில் போடும்போது மேல் தோட்டாவின் ரிம் கீழ்த் தோட்டாவின் ரிம்முக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் விழுந்துவிட்டால் மேலே இருப்பதை போல்ட் தள்ளும்போது அது கீழே இருப்பதையும் கொக்கி மாதிரி இழுக்கும், இரண்டும் நகராது. என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் இதைத் துப்பாக்கிக் கோளாறு என்று நினைத்து இரண்டு மாதம் அலைந்தார். இதற்கு ரிப்பேரே கிடையாது, ஒவ்வொன்றாகக் கவனித்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் பாய் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குழலை வாசல் வெளிச்சத்துக்குக் காட்டிப் பின்னாலிருந்து பார்த்தார். எனக்கும் காட்டினார். குழல் பளபளவென்று இருந்தது, நான் பெருமையாகத் தலையாட்டினேன். "கொயல பாக்காத, சேம்பர பாரு." பார்த்தேன், இருட்டாகத் தெரிந்தது, ஒன்றும் புரியவில்லை. டப்பாவிலிருந்து ஒரு டம்மித் தோட்டாவை எடுத்தார். வெடிமருந்து கிடையாது, பக்கவாட்டில் துளை போட்டு, ஊசி குத்துகிற தொப்பி இருக்கிற இடத்தில் மரக்கட்டை அடித்தது. கடைக்குள் உயிருள்ள தோட்டாவை எந்தத் துப்பாக்கியிலும் ஏற்ற விடமாட்டார், அது அவர் கடைச் சட்டம். போல்ட் இல்லாத ரைபிளை மூக்கு கீழே இருக்கும்படி சாய்த்து டம்மியைப் போட்டார். நல்ல சேம்பரில் அது தன் கனத்திலேயே விழுந்து டொக்கென்று உட்காருமாம். இங்கே சத்தம் வரவில்லை. ரிம்முக்கும் குழலுக்கும் நடுவே ஒரு அரிசி போகிற சந்து இருந்தது.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிம்னி விளக்கின் கண்ணாடியை எடுத்துவிட்டு, திரியை ஏற்றி, கரும்புகை வரும்படி வைத்தார். டம்மியை இடுக்கியில் பிடித்து அந்தப் புகையில் சுற்றிச் சுற்றிக் காட்டினார். எங்கள் பாட்டி கண்மைக்குப் புகை பிடித்த மாதிரியே இருந்தது. பித்தளை முழுக்க மெல்லிசாகக் கரி ஏறியதும், விரல் படாமல் சேம்பரில் விட்டு, மெதுவாக அழுத்தி, திருப்பாமல் எடுத்தார். கூடு குறுகி குண்டைப் பிடிக்கிற இடம் இருக்கிறதல்லவா, தோள்பட்டை மாதிரி, அங்கே மட்டும் சுற்றிலும் கரி உரிந்து பித்தளை மின்னியது, மோதிரம் போட்ட மாதிரி. மற்ற இடமெல்லாம் கறுப்பு அப்படியே. குண்டின் மூக்கில் தேய்ந்திருந்தால் குண்டு நீளமாக நிற்கிறது, உடம்பில் தேய்ந்திருந்தால் கூடு வீங்கியிருக்கிறது, தோளில் தேய்ந்தால் சேம்பரின் தோளில் எதுவோ ஒட்டியிருக்கிறது. மார்க்கர் பேனாவால் பூசினாலும் இதே வேலை நடக்கும், ஆனால் பேனா மை பிசுபிசுக்கும், கரிதான் பொய் சொல்லாது என்கிறார்.

எது ஒட்டியிருந்தது? என் கிரீஸ். நான் வெட்கப்பட்ட இடம் இதுதான். .315-ல் குழலின் துளை 8 மில்லிமீட்டர் சொச்சம், தோட்டாவின் அடிப்பக்கம் ஏறக்குறைய அதைப்போல ஒன்றரை மடங்கு. குழலுக்கு அளவாக மடித்த சிந்தி, சேம்பருக்குள் தொளதொளவென்று நழுவிப் போய்விடும், சுவரைத் தொடவே தொடாது. நான் அத்தனை வருஷம் இழுத்து இழுத்துத் துடைத்தது குழலை மட்டும்தான். சேம்பரில் போன கிரீஸ் கோடையில் காய்ந்து, பழைய வார்னிஷ் மாதிரி தோளில் வளையமாக இறுகிவிட்டது. எஸ்எல்ஆருக்குச் சேம்பர் ஸ்டிக் என்று தனியாகக் கொடுத்தார்கள், அதை எதற்குக் கொடுத்தார்கள் என்று யோசித்திருந்தால் இந்த வயதில் இந்த அவமானம் இல்லை.

அப்படியானால் சில தோட்டா மட்டும் ஏன் போனது? பாய் என் தோட்டாக்களைக் கேட்டார். தோளில் மாட்டுகிற தோல் பெல்ட்டோடு எடுத்துப் போயிருந்தேன், ஒவ்வொரு வளையத்திலும் ஒன்று சொருகியபடி. அவர் ஒன்றை உருவி வெளிச்சத்தில் காட்டினார், வளையம் பிடித்த இடத்தில் பச்சை. களிம்பு. "ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு சுத்திலும் தோல் ஷாப்பு இருக்கற ஊருல பொறந்துட்டு இது தெர்ல உனக்கு" என்றார். தோல் பதனிடும்போது ஏறுகிற அமிலமும் உப்பும் கொஞ்சமாவது தோலிலேயே தங்கும், ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டாலும் சரி, குரோம் போட்டாலும் சரி, அதோடு வியர்வையும் சேர்ந்தால் பித்தளையில் களிம்பு பிடிக்காமல் இருக்காது. ஒவ்வொரு தடவை ஏற்றி இறக்கும்போதும் அந்தப் பச்சை சுரண்டுப்பட்டு கிரீஸோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. சேம்பரில் இறுகின கிரீஸ் வளையம் கொஞ்சம் தடித்தது, தோட்டாவும் கொஞ்சம் தடித்தது, இரண்டும் சேர்கிற இடத்தில் பூட்டு. பெல்ட்டில் அழகாகத் தெரியட்டும் என்று வருஷக்கணக்கில் சொருகி வைத்த தோட்டாக்கள்தான் நின்றவை. டப்பாவில் இருந்து அன்றைக்கு எடுத்துப் போட்டது சுகமாகப் போய்விட்டது.

ரைபிளை மூன்று நாள் வைத்துக்கொண்டார். சேம்பரில் மண்ணெண்ணெய்த் துணியை அடைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் சேம்பர் அளவுக்குப் பெரிய பித்தளை பிரஷை விட்டுச் சுழற்றியிருக்கிறார். எமரி, உப்புத்தாள் எதுவும் கிடையாது. அப்புறம் நுனியைப் பிளந்த மூங்கில் குச்சியில் துணி சுற்றி, சேம்பர் வடிவத்துக்கே அதைத் தடித்து, துடைத்து எடுத்த துணிகளை எனக்குக் காட்டுவதற்காகவே ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். பழுப்பும் பச்சையுமாக, வெல்லப்பாகு மாதிரி. டம்மியைப் போட்டார், டொக். குழலை மேலே தூக்கினார், டம்மி வழுக்கிக்கொண்டு அவர் கையில் விழுந்தது.

தோட்டாக்களைச் சோதிக்க அவரிடம் ஒரு கருவி இருக்கிறது, விலை கொடுத்து வாங்கினது இல்லை. உடைந்த பழைய .315 ஒன்றின் குழலைச் சேம்பரோடு விரல் நீளத்துக்கு அறுத்து வைத்திருக்கிறார், துப்பாக்கியும் இல்லை, ஊசியும் இல்லை, வெறும் இரும்பு அச்சு. அதில் என் பத்துத் தோட்டாவையும் ஒவ்வொன்றாக விட்டார். பச்சையைக் காய்ந்த துணியால் துடைத்ததும் எட்டு சரியாக உட்கார்ந்தன. துடைக்க எண்ணெய் போட வேண்டாமா என்று கேட்டேன், அடிக்க வந்துவிட்டார். எண்ணெய் தொப்பியின் ஓரமாக உள்ளே இறங்கினால் மருந்து கெடும், கூட்டின் மேல் நின்றால் சுடும்போது கூடு சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, மொத்த அடியும் போல்ட்டில் விழும். மீதி இரண்டில் ஒன்றுக்குத் தோளில் நெளிவு, இன்னொன்றுக்குக் களிம்பு பித்தளையையே தின்று குழி விழுந்திருந்தது. அவற்றைப் பயன்படுத்தாதே என்று தனியாகக் கட்டிக் கொடுத்தார், கணக்கில் எழுதி டீலரிடம் ஒப்படைத்தேன்.

மொத்தம் அறுநூறு ரூபாய். எண்ணூறுக்குத் தேய்க்கிறேன் என்றவரை நினைத்துக்கொண்டேன்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. உட்கார இடமில்லை, வாசல் திண்டில்தான். நாள் சொன்னால் நாளில் கிடைக்காது, எனக்கு "நாளைக்கு வா" என்று சொல்லித்தான் மூன்று நாள் ஆனது, அந்த மூன்று நாளும் எனக்குச் சம்பளம் இல்லை. ஜிபே வாங்கமாட்டார், சில்லறையும் தரமாட்டார். கூட இருக்கிற பையனுக்கு வேலை வரும்போலத் தெரிகிறது, ஆனால் பாய் அவனை வைஸ் பக்கம் விடுவதே இல்லை, இன்னும் கொஞ்ச வருஷத்தில் நாங்கள் யாரிடம் போவோம் என்று தெரியவில்லை. அப்புறம் திட்டுவார். போல்ட்டை உள்ளங்கையால் அழுத்தினேன் என்று சொன்னதற்கு, உயிருள்ள தோட்டாவை வைத்துக்கொண்டு பலத்தைக் காட்டுகிறவன் பட்டாளத்தில் எப்படிப் பிழைத்தான் என்று பையன் முன்னாலேயே கேட்டார். பதில் சொல்ல வாயில்லை எனக்கு.

இப்போது தோட்டாக்கள் என் வீட்டம்மா பழைய கான்வாஸில் தைத்துக் கொடுத்த பையில் இருக்கின்றன. சேம்பருக்குத் தனியாக மூங்கில் குச்சி ஒன்று, பாய் கொடுத்ததுதான், காசு வாங்கவில்லை. சூப்பர்வைசர் மறுபடி மணல் மூட்டை மூலையில் ஏற்றிக் காட்டச் சொன்னார், ஐந்தும் போய் ஐந்தும் வந்தன.

போகிறவர்கள் லைசென்ஸ் ஒரிஜினலையே எடுத்துப் போங்கள், ஜெராக்ஸைப் பார்த்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். தோட்டா கொண்டுபோனால் தனியாகக் கொண்டுபோங்கள், மேகசினில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல்தான் கடை திறக்கும்.